சங்கக் கட்டணத்தை ஆட்சேபித்துப் பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் புது வேலையில் சேர்ந்தவர் சம்பளச் சீட்டைப் பார்க்கிறார். தொழிற்சங்கத்தின் பெயரில் ஒரு தொகை பிடிக்கப்பட்டிருக்கிறது. அவர் உறுப்பினராகவே சேரவில்லை. கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தக் கோபத்தில் எடுக்கும் முதல் நடவடிக்கை தவறிவிட்டால், சட்டம் தரும் உரிமையும் கைநழுவிப் போகும்.

அந்தக் கட்டணத்துக்குப் பின்னால் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கம் பேசி வாங்கும் சம்பள உயர்வு உறுப்பினர் அல்லாதவருக்கும் சேர்த்துத்தான் கிடைக்கிறது. அவருக்காகவும் சங்கம் பாரபட்சமில்லாமல் வாதாட வேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவில் ஒரு பங்கைக் கேட்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். தேர்தல் பிரசாரத்துக்கும் தனக்கு உடன்பாடில்லாத அரசியலுக்கும் ஒருவரின் சம்பளத்தில் கை வைப்பது வேறு விஷயம். ஆட்சேபம் அந்தப் பகுதிக்கு எதிரானது.

தன் வேலைக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று பார்க்காமல் இறங்குவதுதான் மிகப் பெரிய தவறு. 2018 ஜூன் 27 அன்று ஜேனஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இல்லினாய் மாநில அரசு ஊழியரான மார்க் ஜேனஸ், உறுப்பினராக இல்லாமலே மாதம் 44.58 டாலர் கட்டிவந்தார். ஊழியரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் இப்படிப் பிடிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஆனால் இது அரசு, உள்ளாட்சி, அரசுப் பள்ளி ஊழியர்களுக்கான தீர்ப்பு. தனியார் மருத்துவமனை செவிலியரும் கிடங்குத் தொழிலாளியும் இதைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. அவர்களுக்கு உரியது அதே நீதிமன்றம் 1988-இல் தந்த பெக் தீர்ப்பு. உறுப்பினர் அல்லாதவர் ஆட்சேபித்தால், கூட்டுப் பேரம் (எல்லோருக்காகவும் சங்கம் முதலாளியிடம் பேசி ஒப்பந்தம் போடுவது), ஒப்பந்த நிர்வாகம், புகார் விசாரணை ஆகியவற்றுக்கான பங்கை மட்டுமே அவரிடம் வாங்கலாம் என்கிறது அது.

மாநிலமும் முக்கியம். டெக்சாஸ், புளோரிடா உள்ளிட்ட 26 மாநிலங்களில் கட்டாயக் கட்டணத்துக்கே தடை இருக்கிறது. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் அந்தத் தடை இல்லை. மிச்சிகன் 2012-இல் தடை கொண்டுவந்து 2023-இல் அதை நீக்கிவிட்டது. பழைய செய்தியை நம்பி அங்கே பணம் கட்டாமல் இருந்தால் ஆபத்து. விமான, ரயில் ஊழியர்களுக்கு மாநிலத் தடை பொருந்தவே பொருந்தாது. அவர்களுக்கு ரயில்வே தொழிலாளர் சட்டம் தனி. டெக்சாஸில் வேலை பார்க்கும் விமான ஊழியரிடமும் ஒப்பந்தப்படி கட்டணம் கேட்கலாம்.

ஆய்வு உதவியாளர்களாக இருக்கும் நம் மாணவர்களுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். தனியார் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களும் ஊழியர்களே என்று, தனியார் துறைத் தொழிலாளர் புகார்களை விசாரிக்கும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் முடிவு செய்தது. அதனால் கட்டணம் இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டியது பெக் உரிமை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற அரசு நிறுவனத்தில் இருப்பவருக்கு ஜேனஸ்.

அடுத்த தவறு, பணம் கட்டுவதையே நிறுத்திவிடுவது. தடை இல்லாத மாநிலத்தில், ஒப்பந்தத்தில் கட்டண விதி இருந்தால், பாக்கியைச் சுட்டிக்காட்டி நோட்டீஸ் கொடுத்த பிறகும் கட்டாதவரை வேலையிலிருந்து நீக்கும்படி சங்கம் கேட்கலாம். விசா அந்த வேலையையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்சேபம் கேட்பது தொகைக் குறைப்பைத்தான். குறைந்த தொகையைக் கட்டிக்கொண்டே மீதிக்காகப் போராடுங்கள்.

உறுப்பினராக இருந்துகொண்டே ஆட்சேபிப்பவர்களும் உண்டு. பெக் உரிமை உறுப்பினர் அல்லாதவருக்கு மட்டுமே. ஏற்கெனவே சேர்ந்திருந்தால், ‘உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்’, ‘பேரம் சாராத செலவுகளுக்குப் பணம் தர ஆட்சேபிக்கிறேன்’ என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதலாம். அதற்கு முன் யோசியுங்கள்: விலகினால் ஒப்பந்த வாக்கெடுப்பிலும் சங்கத் தேர்தலிலும் வாக்கு இருக்காது. போனிலோ காண்டீனிலோ சொன்னது ஆட்சேபம் ஆகாது. தேதியிட்டு எழுதி, கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மனிதவளத் துறைக்கு அனுப்பினால் போதாது. கடிதம் சங்கத்துக்குப் போக வேண்டும்.

பிடித்தத்துக்கான ஒப்புதல் படிவம் தனி ஆவணம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகினாலும், அந்தப் படிவத்தில் ரத்து செய்வதற்கென்று குறிப்பிட்ட நாட்கள் இருந்தால் அதுவரை பிடித்தம் தொடரலாம். ஜேனஸுக்குப் பிறகும் அரசு ஊழியர்கள் பலர் இப்படிச் சிக்கினார்கள். கையெழுத்திட்ட படிவம் செல்லும் என்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி முழுதாகப் படியுங்கள்.

இனி பணம் திரும்பி வரும் விஷயம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கட்டியதெல்லாம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பொதுவாக ஆட்சேபித்த நாளிலிருந்துதான் கணக்கு. ஜேனஸே தீர்ப்புக்கு முன் கட்டியதைத் திரும்பக் கேட்டார். அன்றைய சட்டத்தை நம்பித்தானே சங்கம் வசூலித்தது என்று சொல்லி, ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் மறுத்துவிட்டது. ஜெயித்தவருக்கே பழைய பணம் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு மாதத் தாமதமும் பணம்தான்.

சங்கம் தரும் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்வதும் தவறு. 1984-இல் வெஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் தொடுத்த எல்லிஸ் வழக்கில், மாநாட்டுச் செலவை எல்லோரிடமும் வாங்கலாம், புது உறுப்பினர்களைச் சேர்க்கும் இயக்கச் செலவை வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. முழுதாக வாங்கிவிட்டுப் பிறகு திருப்பித் தருவதையும் அது ஏற்கவில்லை. ஆட்சேபித்தவரின் பணத்தைச் சங்கம் கடனாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் கருத்து. சட்டமன்றங்களில் ஆதரவு திரட்டும் செலவை ஆட்சேபித்தவர்களிடம் வாங்கக் கூடாது என்று 2019-இல் தொழிலாளர் வாரியம் முடிவு செய்தது. கணக்குத் தணிக்கையாளர் சரிபார்த்ததற்கான கடிதத்தையும் சங்கம் தர வேண்டும் என்றது. வரும் கணக்கில் இவற்றைத் தேடுங்கள். பெக் வழக்கில் அந்தச் சங்கத்தால் தன் செலவில் 21 சதவீதத்துக்கு மேல் பேரம் சார்ந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. உங்கள் சங்கத்திலும் அதே விகிதம் வரும் என்று கற்பனை செய்ய வேண்டாம். கணக்கைக் கேட்டால்தான் தெரியும்.

மத நம்பிக்கையால் சங்கத்துக்குப் பணம் தர முடியாதவரின் பாதை வேறு. குடிமை உரிமைகள் சட்டத்தின் (Civil Rights Act) கீழ், முழுத் தொகையையும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கட்ட ஏற்பாடு கேட்கலாம். இதையும் அரசியல் ஆட்சேபத்தையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால் இரண்டும் பலவீனமாகும்.

சங்கம் பதில் தரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. தனியார் துறையில் வாரியத்திடம் புகார் கொடுக்க ஆறு மாதம்தான் அவகாசம். அதற்குள் புகாரின் நகல் சங்கத்துக்கும் போய்ச் சேர வேண்டும். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சங்கத்தின் மீதான புகாருக்குப் படிவ எண் 508. முதலாளி மீதான புகாருக்கு உரிய 501-ஐ நிரப்பி அனுப்பினால் எதிராளியே மாறிவிடும். விமான, ரயில் ஊழியர்கள் இந்த வாரியத்திடம் போக முடியாது. அவர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும், அதற்கு முதல் நாளிலிருந்தே ஒரு வழக்கறிஞர் இருப்பது நல்லது.