போலிச் சில்லைப் பிடிக்க ஒரு வெப்கேமும் ஒரு நகைத் தராசும்

போன பொங்கலுக்கு வீட்டில் எல்லோரும் கூடியபோது போக்கர் சீட்டாட்டம் ஆடினோம். அதில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லைகள்தான் சில்லுகள். காசெல்லாம் கிடையாது, தோற்றவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து பெட்டியில் அடுக்கினால், 100 சிவப்புச் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் 112. சித்தப்பா மகன் அதே மாதிரிச் சில்லுகளை ஆன்லைனில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். சரி, அந்த 12 எவை என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை.

இதையே ஒருவர் பெரிய அளவில் செய்திருக்கிறார். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் போர்காட்டா என்ற கேசினோவில் (சூதாட்ட விடுதியில்) நடந்த போக்கர் போட்டியில் 5,000 மதிப்புள்ள போலிச் சில்லுகள் 160 உள்ளே வந்தன. ஆட்டக் கணக்கில் மொத்தம் 8 லட்சம். 27 பேர் மிஞ்சியிருந்த நேரத்தில் போட்டியை நிறுத்தினார்கள். மீதிப் போலிகளை அந்த ஆள் பக்கத்து ஹோட்டலின் கழிப்பறையில் கொட்ட, குழாய் அடைத்துக்கொண்டு குட்டு உடைந்தது.

இரண்டு வார இறுதிகளில் நான் செய்த சோதனை அமைப்பு இது. பைத்தான் நிரல்மொழி, படங்களை அலசும் ஓப்பன் சிவி, எண் கணக்குக்கான நம்பை மூன்றும் கணினியில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மேடை

வெப்கேமை ஸ்டாண்டில் மாட்டி நேர்கீழே பார்க்க வையுங்கள். அடியில் பளபளப்பில்லாத கறுப்புத் துணி. ரிங் லைட் வாங்காதீர்கள். யூடியூபில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் சில்லின் நடுவிலுள்ள லேபிள் மீது அந்த ஒளி வளையம் அப்படியே விழும், எண்ணே தெரியாது. இரண்டு பக்கமும் சாதா எல்.இ.டி. விளக்கு, அதன் முன்னால் ஒரு பட்டர் பேப்பர். அது போதும். கைபேசி கேமராவும் வேண்டாம். அது தானாகவே படத்தை மெருகேற்றிவிடும். நமக்கு வேண்டியது அழகல்ல, அழுக்கு.

கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷரையும், நிறத்தைத் திருத்தும் வெள்ளைச் சமநிலையையும் அணைத்துவிடுங்கள். சில கேமராக்கள் அணைத்ததுபோல் நடிக்கும். ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு நீலப் புத்தகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பாருங்கள். துணியின் நிறம் மாறினால் அணையவில்லை என்று அர்த்தம்.

படி 2: வட்டமும் அளவும்

படத்தில் வட்டத்தைக் கண்டுபிடிக்கப் பாடங்களில் ஹஃப் வட்டம் என்று ஒரு முறை சொல்லித்தருவார்கள். அதன் எண்களைத் திருகித் திருகியே பொழுது போய்விடும். பின்னணி கறுப்பாக இருப்பதால் படத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்து, ஆகப் பெரிய உருவத்தின் விளிம்பை எடுத்து, அதைச் சுற்றி ஆகச் சிறிய வட்டத்தைப் போடச் சொல்லுங்கள். மையமும் ஆரமும் கிடைத்துவிடும்.

பிக்சலை மில்லிமீட்டராக்க ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. வழக்கமான கேசினோ சில்லு ஏறக்குறைய 39 மி.மீ. வரும்.

படி 3: நிறம்

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நிறங்களை ஒரு வட்டத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தரும் எண்தான் நிறக்கோணம். ஓப்பன் சிவியில் அது 0 முதல் 179 வரை ஓடும். சிவப்பு அந்த வட்டத்தின் தொடக்கத்திலும் இருக்கும், முடிவிலும் இருக்கும். ஒரு சில்லில் பாதிப் புள்ளிகள் 2, மீதி 178 என்றால் சராசரி 90. அது பச்சை கலந்த நீலம்! என் சிவப்புச் சில்லுகள் எல்லாமே போலி என்று வந்தபோது முதலில் விளக்கைத்தான் சந்தேகப்பட்டேன். நிறக்கோணத்தை விட்டுவிட்டு, நிறத்தை வேறு மூன்று எண்களாகக் குறிக்கும் லேப் நிறவெளிக்கு மாறுங்கள். அதில் இந்தச் சுற்றல் சிக்கல் இல்லை.

படி 4: வட்டத்தை விரித்துப் பட்டையாக்குவது

ஒரு நாள் முழுக்க என்னைத் தின்ற படி இதுதான். சில்லை எந்தக் கோணத்திலும் வைப்போம். அப்படியே இரண்டு படங்களை ஒப்பிட முடியாது. வார்ப் போலார் என்ற செயற்கூறு வட்டத்தை மையத்திலிருந்து வெட்டி, அப்பளத்தை நாடாவாக்குவதுபோல் விரித்துத் தரும். அதன்பின் சில்லைச் சுழற்றியது வெறும் நகர்வாகிவிடும். எவ்வளவு நகர்த்தினால் அசல் சில்லின் படத்தோடு நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்து, அங்கே நிறுத்திக் கழித்தால் வித்தியாசம் மட்டும் மிஞ்சும்.

முதல் தடுமாற்றம்: கோணம் படுக்கைவாட்டில் வரும் என்று நினைத்தேன். இல்லை. வரிசைகள்தான் கோணம், நெடுக்கைகள் ஆரம். நகர்த்த வேண்டியது மேலும் கீழும்.

இரண்டாவதுதான் மோசம். பொருத்திப் பார்க்க, பளிச்சென்று தெரிகிறதே என்று சில்லின் விளிம்பிலுள்ள வண்ணப் பட்டைகளை எடுத்துக்கொண்டேன். என் சில்லில் 8 பட்டைகள், சம இடைவெளியில். அப்படியென்றால் 45 பாகைக்கு ஒருமுறை எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும்! நிரல் எட்டில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ள, நடு லேபிளின் எழுத்துகள் தலைகீழாக நின்றன. அசல் சில்லே போலி என்று அலறியது. கேமராவையும் லென்ஸையும் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் வித்தியாசப் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தபோதுதான் எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தன. ஆகவே பொருத்துவதை லேபிளின் எழுத்தை வைத்துச் செய்யுங்கள். எழுத்து ஒரே கோணத்தில்தான் பொருந்தும். விளிம்புப் பட்டையை அதற்கப்புறம் சோதியுங்கள்.

விரித்த பட்டையில் இன்னொரு லாபமும் உண்டு. லேபிள் நடுவில் சரியாக ஒட்டியிருந்தால் அதன் ஓரம் நேர்கோடாக வரும். விலகியிருந்தால் அலைபோல் நெளியும். பழுதான சில்லைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி தெரியவில்லை. மறுபக்கத்தையும் புரட்டிப் படமெடுக்க மறக்காதீர்கள்.

படி 5: எடை

0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு வாங்குங்கள். வீட்டுச் செட்டுகளை 11.5 கிராம் என்று போட்டு விற்பார்கள். உள்ளே உலோகத் தகடு இருக்கும். என்னுடையவை 11.3 முதல் 11.8 வரை இருந்தன. ஒரு காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். சில தகடுகள் ஒட்டும், சில ஒட்டாது. ஒரே செட்டில் இரண்டும் இருந்தால் கலப்படம்.

படி 6: எல்லைக் கோடு

எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் நிரலான நரம்பணு வலையமைப்பைப் பயிற்றுவிக்கலாமே என்று தோன்றும். எதைக் காட்டிப் பயிற்றுவிப்பது? போலி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. கையில் இருப்பது அசல் மட்டும்தான். எனவே ஒவ்வொரு நிறத்திலும் 30 சில்லுகளை அளந்து, அசல் எந்த அளவுக்குள் ஆடுகிறது என்று கற்றுக்கொண்டு, வெளியே போவதை ஒதுக்குவதே சரி. சராசரிக்குப் பதில் இடைநிலை எடுங்கள், அதாவது அளவுகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது. அந்த 30-க்குள்ளேயே இரண்டு போலி ஒளிந்திருந்தாலும் இடைநிலை அவ்வளவாக அசையாது.

என் பெட்டியில் 14 சில்லுகள் மாட்டின. 12 அவன் கொண்டுவந்தவை. மற்ற இரண்டும் அசலேதான், லேபிள் கோணலாக ஒட்டியவை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே ஆலையில் அதே அச்சில் வந்த சில்லை இந்த அமைப்பு பிடிக்காது. அதனால்தான் பெரிய கேசினோக்கள் படத்தை மட்டும் நம்புவதில்லை. 2005-இல் திறந்த வின் லாஸ் வேகஸ் என்ற கேசினோ, தொடக்கத்திலேயே ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லுகளை வைத்திருந்தது. உள்ளே தனி எண் கொண்ட மின்னணுச் சில்லு, மேசைக்கடியில் ஆன்டெனா. சில்லுக்குள் சில்லு. (எனக்குச் சில்லு என்றாலே இன்னும் பாண்டி ஆட்டம்தான் நினைவுக்கு வரும்.) நம்மிடம் தனி எண் கிடையாது, ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பார்ப்பது ஒன்றே வழி. எனக்கும் முதலில் காட்டிக்கொடுத்தது 112 என்ற எண்தானே.

பிற்சேர்க்கை 1: நிரலுக்குக் கறுப்புச் சில்லு தென்படவே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கறுப்புத் துணியில் கறுப்புச் சில்லு எப்படித் தெரியும்? என் செட்டில் கறுப்பே இல்லாததால் நான் யோசிக்கவில்லை. அதற்கு மட்டும் வெளிர் சாம்பல் அட்டை வையுங்கள். அசல் அளவுகளையும் அதே அட்டையில் மறுபடி எடுங்கள்.

பிற்சேர்க்கை 2: கணினியே இல்லாமல் சோதிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். ஓரளவு முடியும். 20 சில்லுகளை அடுக்கி, பக்கத்தில் அசல் 20-ஐ அடுக்குங்கள். ஒவ்வொன்றும் அசலைவிட 0.1 மி.மீ. கூடுதல் தடிமனாக இருந்தாலும் அடுக்கில் 2 மி.மீ. உயரம் கூடும். மேலே ஒரு ஸ்கேலைப் படுக்க வைத்தால் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.