எல்சாட் லாஜிகல் ரீசனிங்: புரிந்த கேள்வியிலும் மார்க் போவது எப்படி?

அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்விலிருந்து 'லாஜிக் கேம்ஸ்' பகுதியை 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருவார் என்று கட்டம் போட்டுப் பார்க்கிற வேலை மிச்சம். ஆனால் இப்போது மதிப்பெண்ணுக்குக் கணக்காகும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிகல் ரீசனிங், அதாவது சின்னச் சின்ன வாதங்களைப் படித்து அலசுகிற கேள்விகள். இதில் கோட்டைவிட்டால் ஈடுகட்ட வேறு இடமில்லை.

கோட்டைவிடுகிறவர்களில் பலருக்குப் பத்தி நன்றாகவே புரிந்திருக்கும். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். அதிகம் நடப்பது அனுமானக் கேள்விகளில்தான், அதாவது வாதம் வெளியே சொல்லாமல் நம்பியிருப்பது எது என்று கேட்பவற்றில். ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

'ஒரு நகரத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. அடுத்த வருடம் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டவர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆகவே இந்தச் சட்டம் சைக்கிள் ஓட்டுபவர்களின் தலையைக் காப்பாற்றியிருக்கிறது.' இந்த வாதத்துக்கு அவசியமான அனுமானம் எது?

முதல் விடை: ஹெல்மெட் போட்டவருக்குத் தலையில் அடிபடவே படாது. இரண்டாவது: தலைக்காயத்தைத் தடுக்க ஹெல்மெட்டைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாவது: எண்ணிக்கை குறைந்ததற்கு, சைக்கிள் ஓட்டுபவர்களே குறைந்துபோனது மட்டும் காரணமல்ல.

முதல் இரண்டும் அடித்துச் சொல்வதால் கை அங்கேதான் போகும். போகவிடாதீர்கள். ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பாருங்கள். ஹெல்மெட் போட்ட சிலருக்கும் அடிபட்டது என்று வைத்துக்கொண்டால் வாதம் விழுமா? விழாது. வேறு வழிகளும் உண்டு என்றால்? அப்போதும் விழாது. ஆனால் ஹெல்மெட் தொல்லை என்று பாதிப் பேர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள், எண்ணிக்கை குறைந்ததற்கு அது மட்டுமே காரணம் என்றால், வாதம் அங்கேயே படுத்துவிடும். ஆக, விடை மூன்றாவது. இதே பத்தியைக் கொடுத்து, முடிவை முழுதாக நிரூபிக்க எதைச் சேர்த்தால் போதும் என்று கேட்டிருந்தால் கதை வேறு. அங்கே பலமான வாக்கியம்தான் பெரும்பாலும் வேலைக்கு ஆகும். அவசியமானது வேறு, போதுமானது வேறு. கேள்வி வரியை அவசரமாகத் தாண்டுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

அடுத்தது நிபந்தனை வாக்கியங்கள். 'டிக்கெட் இருந்தால் மட்டுமே உள்ளே விடுவார்கள்' என்றால், உள்ளே இருப்பவர் எல்லோரிடமும் டிக்கெட் இருக்கிறது என்று சொல்லலாம். டிக்கெட் வைத்திருப்பவரை விட்டே தீருவார்கள் என்று சொல்ல முடியாது, அரங்கம் நிரம்பியிருக்கலாம். நிதானமாகப் படித்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். அதே 'ஒன்லி இஃப்' ஒரு நீளமான ஆங்கில வாக்கியத்தின் நடுவில் வந்தால், எதிலிருந்து எது வரும் என்று காட்டும் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுவிடுகிறோம். 'சம்' என்ற சொல்லிலும் ஒரு பொறி உண்டு. நாம் பேச்சில் 'சிலர் வந்தார்கள்' என்றால் மற்றவர்கள் வரவில்லை என்று எடுத்துக்கொள்வோம். எல்சாட்டில் அதற்குக் குறைந்தது ஒருவர் என்றுதான் அர்த்தம். எல்லோருமே வந்திருந்தாலும் அந்த வாக்கியம் சரிதான்.

'எதைத் தவிர' என்று கேட்கும் 'எக்ஸெப்ட்' கேள்விகளில் இன்னொரு குழப்பம். நான்கு விடைகள் வாதத்தைப் பலவீனப்படுத்தும், ஐந்தாவது அப்படிச் செய்யாது. உடனே வாதத்தைப் பலப்படுத்தும் விடையைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். சம்பந்தமே இல்லாத வாக்கியமும் அங்கே சரியான விடையாக இருக்கலாம்.

நேரம் 35 நிமிடம், சுமார் 25 கேள்விகள். ஒரு கேள்வியோடு நான்கு நிமிடம் மல்லுக்கட்டுவது வீம்பு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அதனால் ஏதாவது ஒன்றைக் குறித்து, திரும்பிப் பார்க்க அடையாளமாகக் கொடி போட்டுவிட்டு நகருங்கள், நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.

அப்புறம், பயிற்சித் தேர்வு முடிந்ததும் சரியான விடைகளின் பட்டியலைத் திறக்காதீர்கள். சந்தேகப்பட்டுக் குறித்தவற்றைக் கடிகாரம் இல்லாமல் இன்னொருமுறை போடுங்கள். இரண்டாம் முறை சரியாக வந்தால், தொந்தரவு நேரத்தில். அப்போதும் அதே தவறான விடைதான் என்றால், அது ஏன் தவறு என்று உங்கள் வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.