ஓயாத கண் சிமிட்டல், மூக்கு உறிஞ்சல்: அலர்ஜியா, டிக்கா?

ஆறேழு வயதுப் பிள்ளை ஓயாமல் கண்ணைச் சிமிட்டவோ மூக்கை உறிஞ்சவோ தொடங்கினால், வீட்டில் ஒருவர் அலர்ஜி என்பார், இன்னொருவர் கெட்ட பழக்கம் என்று அதட்டுவார். டிக் என்ற நரம்பு சார்ந்த அசைவாகவும் இருக்கலாம்; அது அதட்டினால் கூடுமே தவிரக் குறையாது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருப்பதும் உண்டு. தைவானின் தேசிய மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அலர்ஜி உள்ள பிள்ளைகளிடம் டிக் கூடுதலாகத் தெரிந்தது. அலர்ஜிதான் டிக்கை உண்டாக்குகிறது என்பதற்கு அது ஆதாரமாகாது.

முதலில் இரண்டு வாரம் கவனியுங்கள். டிவி பார்க்கும்போது, வீட்டுப்பாடம் எழுதும்போது, விளையாடும்போது, தூங்கும்போது பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். மருத்துவர் முன்னால் டிக் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதால் இந்த வீடியோக்கள்தான் கைகொடுக்கும்.

பார்க்க வேண்டியது அரிப்பை. அலர்ஜி என்றால் பிள்ளை கண்ணைக் கசக்கும், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும், அடுக்கடுக்காகத் தும்மும். மூக்கில் தண்ணீராக வடியும், கண்ணுக்குக் கீழே கருமை தெரியும். டிக்கில் கண் சிவக்காது, மூக்கு வடியாது. சற்றே பெரிய பிள்ளைகள், "செய்யாவிட்டால் ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். கண்ணில் தொடங்கியது சில வாரத்தில் மூக்குக்கும் பிறகு தோளுக்கும் இடம் மாறினால், டிக் என்றே எண்ணலாம். சிமிட்டும்போது கூப்பிட்டால் சில நொடி பதிலே இல்லை, பேச்சு பாதியில் நின்று வெறித்துப் பார்க்கிறது என்றால் இரண்டுமில்லை. வலிப்பா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அலர்ஜி அறிகுறி இருந்தால் அதை முழுதாகக் கவனியுங்கள். அரைகுறையாகச் செய்வதால்தான் குழப்பம் நீள்கிறது. மருத்துவர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே எழுதினால் தினமும் போட வேண்டும். முழுப் பலனுக்கு இரண்டு வாரம் வரை ஆகும். தலையைச் சற்றுக் குனியவைத்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நுனி காதுப்பக்கம் சாயும்படி அடியுங்கள். நடுத்தண்டில் பட்டால் ரத்தம் கசியும். தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். படுக்கையறையில் கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை வேண்டாம்.

மருந்துகளில் மூன்று எச்சரிக்கை. ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா வரலாம். சளி சிரப்புகளில் உள்ள மூக்கடைப்பு நீக்கி சில பிள்ளைகளுக்கு டிக்கைக் கூட்டலாம். ஃபினைல்எஃப்ரின் என்ற மூக்கடைப்பு நீக்கியும் குளோர்ஃபெனிரமின் என்ற அலர்ஜி மருந்தும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசே 2023இல் அறிவித்தது. அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கும் மான்டிலுகாஸ்ட் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020இல் மனநலப் பாதிப்பு குறித்த கடும் எச்சரிக்கை சேர்த்தது. தொடங்கிய பிறகு கெட்ட கனவோ எரிச்சலோ புதிய அசைவோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு மாதம் ஒழுங்காக மருந்து போட்டு, அரிப்பும் வடிதலும் போய், சிமிட்டல் மட்டும் மிஞ்சினால் மருந்தைக் கூட்டாதீர்கள். அது டிக்காக இருக்கலாம். அதைக் கவனிக்காததுபோல் இருப்பதே வீட்டு வைத்தியம்; "சிமிட்டாதே" என்ற சொல்லே கூடாது, ஆசிரியரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். பல பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள் தானாகப் போய்விடும். படிப்பையோ நட்பையோ கெடுத்தால், அல்லது வலி கொடுத்தால், நடத்தைப் பயிற்சி தெரிந்த உளவியலாளரைப் பாருங்கள். உந்துதல் வரும் நொடியில் அதற்கு எதிரான அசைவைச் செய்யப் பழக்குவார்கள். கண் சிமிட்டலுக்கு, ஒரு நிமிடமோ உந்துதல் தணியும் வரையோ மெதுவாக, சீராக இமைப்பது. பயிற்சி பொதுவாகப் பத்து வாரத்தில் எட்டு அமர்வு.