கட்டுரை திரும்பி வந்தால் செய்யக்கூடாதவை

போன வாரம் ஓர் ஆராய்ச்சி மாணவர் போனை என்னிடம் நீட்டினார். அவர் கட்டுரையை, ஆய்வுக்கட்டுரைகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் ஒரு களஞ்சியத்தின் மட்டுறுத்துநர் (எதைச் சேர்ப்பது என்று பார்ப்பவர்) தள்ளிவிட்டாராம். பதில் கடிதம் தயார். இரண்டாம் பத்தியில் ஐன்ஸ்டைன், நான்காம் பத்தியில் கலிலியோ. என் பழைய கடிதத்தையே படிப்பது போலிருந்தது.

மட்டுறுத்தலை மதிப்பாய்வு என்று நினைப்பது

ஆர்கைவ் (arXiv) போன்ற களஞ்சியங்களில் நடப்பது சக ஆய்வாளர் மதிப்பாய்வு, அதாவது துறை வல்லுநர்கள் கட்டுரையின் சரி தவறை அலசுவது, அல்ல. கட்டுரை துறைக்குப் பொருந்துகிறதா, ஆய்வுக்கட்டுரை மாதிரி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். எங்கே பிழை என்று பக்கம் பக்கமாக விளக்குவார்கள் எனக் காத்திருக்காதீர்கள்.

துறைப் பிரிவை மாற்றி மறுபடி ஏற்றுவது

வேண்டாம். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

சூட்டோடு சூடாகப் பதில் எழுதுவது

இதில்தான் நான் வசமாக மாட்டினேன். ஓர் ஆய்விதழ் ஆசிரியருக்கு இரவு பதினொன்றரைக்கு மூன்று பக்கம் எழுதினேன். 'உங்கள் மதிப்பாய்வாளர் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார்' என்று ஒரு குத்தல் வேறு. அந்த மதிப்பாய்வாளர் சுட்டிய 14ஆம் சமன்பாட்டில் கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது ஐந்து மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அதற்குள் இன்னொரு குழு அதே கணக்கைச் சரியாகப் போட்டு வெளியிட்டுவிட்டது. இன்றும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, ஐன்ஸ்டைனையே பார்ப்போம். 1936இல் அவரும் நேதன் ரோசனும், ஈர்ப்பலைகள் (கால-வெளியில் பரவும் அதிர்வுகள்) இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரையை 'பிசிக்கல் ரிவ்யூ' ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் டேட் அதை மதிப்பாய்வுக்காக இயற்பியலாளர் ஹோவர்ட் ராபர்ட்சனிடம் கொடுத்தார். பிழையைச் சுட்டிப் பத்துப் பக்கம் வந்தது. அச்சேறுமுன் இன்னொருவரிடம் காட்டச் சொன்னது யார் என்று சீறி, ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அப்புறம் பிரின்ஸ்டனில் ராபர்ட்சன், மதிப்பாய்வாளர் தாம்தான் என்று காட்டிக்கொள்ளாமல், ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டுக்குப் பிழையைப் புரியவைத்தார். 1937இல் வேறொரு இதழில் வந்தபோது தலைப்பும் மாறியிருந்தது, முடிவும் மாறியிருந்தது. அந்த அலைகள் 2015இல் கருவியிலேயே சிக்கின.

அவருக்கு ஒரு ராபர்ட்சன் கிடைத்தார். நமக்கு யாரும் வந்து காதில் சொல்லப்போவதில்லை. எழுதுங்கள், ஆனால் மூன்று நாள் கழித்து அனுப்புங்கள். அதற்குள் அவர்கள் சொன்ன இடத்தைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மேதைகளைத் துணைக்கு அழைப்பது

கணித இயற்பியலாளர் ஜான் பயஸ், கிறுக்குக் கோட்பாடுகளை அளக்க வேடிக்கையாக ஒரு புள்ளிப்பட்டியல் போட்டிருக்கிறார். தன்னை ஐன்ஸ்டைனோடு ஒப்பிட்டால் 10, கலிலியோவோடு ஒப்பிட்டால் 40. மாணவரின் கடிதத்தைக் கூட்டிப் பார்த்தோம். 50.