ஆர்டர் வந்ததும் மற்ற வேலைகள் தானாக நடக்க: ஈவென்ட் வழி மைக்ரோசர்வீஸ்

ஆர்டர் வந்தால் இருப்பைக் குறைக்க வேண்டும், பில் போட வேண்டும், டெலிவரிக்குச் சொல்ல வேண்டும். மைக்ரோசர்வீஸ் முறையில் இவை ஒவ்வொன்றையும் ஒரு தனிச் சிறு புரோகிராம் (சர்வீஸ்) செய்யும். இந்த மூன்று சர்வீஸ்களையும் ஆர்டர் சர்வீஸே வரிசையாகக் கூப்பிட்டால், பில் சர்வீஸ் படுத்ததும் ஆர்டரும் நின்றுவிடும். ஆர்டர் சர்வீஸ் நடந்ததை மட்டும் அறிவிக்கட்டும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

முதல் படிக்குக் காகிதம் போதும். ஈவென்ட்களின் பெயர்களை எழுதுங்கள். 'ஆர்டர் பதிவானது' என்பது ஈவென்ட், அதாவது நடந்து முடிந்ததன் அறிவிப்பு. 'பில் போடு' என்பது கட்டளை. கட்டளையாக எழுதினால் பழைய பிணைப்பு அப்படியே திரும்பி வந்துவிடும்.

அடுத்து புரோக்கர், அதாவது செய்திகளை வாங்கி உரிய சர்வீஸ்களுக்குக் கொடுக்கும் மென்பொருள். காஃப்கா பெரிய அளவுக்கு நல்லது, ஆனால் தொடங்குபவர்களுக்கு ராபிட்எம்க்யூதான் என் தேர்வு. டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் கருவி) அதன் நிர்வாகப் பக்கமும் சேர்ந்த மேனேஜ்மென்ட் இமேஜை ஓடவிட்டு 5672, 15672 போர்ட்களைத் திறந்துவிடுங்கள். முன்னது சர்வீஸ்களுக்கு, பின்னது பிரவுசரில் நீங்கள் பார்ப்பதற்கு.

அப்புறம் டாபிக் வகை எக்ஸ்சேஞ்ச் (செய்திகளைத் தலைப்பு பார்த்துப் பிரித்து அனுப்பும் இடம்) ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி க்யூவை (செய்திகள் காத்திருக்கும் வரிசை) அதில் இணைத்துவிடுங்கள். பில்லும் டெலிவரியும் ஒரே க்யூவைப் பகிர்ந்தால், ஒரு செய்தி இருவரில் ஒருவருக்குத்தான் போகும். க்யூ டியூரபிளாகவும் (ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிலைப்பது) செய்தி பெர்சிஸ்டென்டாகவும் (டிஸ்க்கில் எழுதப்படுவது) இருக்கட்டும். இல்லாவிட்டால் புரோக்கர் ரீஸ்டார்ட் ஆகும்போது செய்திகள் தொலையும்.

இனி வருவதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். செய்தி கிடைத்ததும் அல்ல, வேலை முடிந்த பிறகே புரோக்கருக்கு 'ஆக்' (முடித்துவிட்டேன் என்ற ஒப்புகை) அனுப்ப வேண்டும். சரி, பில் போட்டாயிற்று, ஆக் போவதற்குள் சர்வீஸ் விழுந்துவிட்டது என்றால்? புரோக்கர் அதே செய்தியை மறுபடி தரும், ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் விழும். அதனால் ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் தனி ஐடி கொடுங்கள். பில்லைச் சேமிக்கும், முழுவதும் பதிவாகும் அல்லது எதுவுமே பதிவாகாத அதே டிரான்சாக்‌ஷனில் அந்த ஐடியையும் யுனிக் கட்டுப்பாடுள்ள (ஒரே ஐடியை இரண்டு முறை ஏற்காத) ஒரு டேபிளில் எழுதுங்கள். ஐடி ஏற்கெனவே இருந்தால் எதையும் செய்யாமல் ஆக் மட்டும் அனுப்பினால் போதும்.

அனுப்பும் பக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஆர்டர் டேட்டாபேஸில் பதிவாகி, ஈவென்ட் போகும் முன் சர்வீஸ் விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஆர்டரோடு சேர்த்து ஈவென்ட்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் 'அவுட்பாக்ஸ்' டேபிளில் எழுதிவிடுங்கள். தனியாக ஓடும் ஒரு புரோகிராம் அதை எடுத்து அனுப்பட்டும். அனுப்பியதைக் குறிக்கும் முன் அது விழுந்தால் ஈவென்ட் இரண்டு தடவை போகும். மேலே சொன்ன ஐடி அதையும் பிடித்துவிடும்.

திரும்பத் திரும்பத் தோற்கும் செய்திகளை டெட் லெட்டர் க்யூவுக்கு, அதாவது தோற்றவற்றை ஒதுக்கி வைக்கும் தனி க்யூவுக்குத் தள்ளுங்கள்.

இப்போது சோதனை. பில் சர்வீஸை நிறுத்திவிட்டுச் சில ஆர்டர்கள் போடுங்கள். 15672 பக்கத்தில் அதன் க்யூ நீள்வது தெரியும். திரும்ப ஓடவிட்டால் குறையும். பிறகு அந்தப் பக்கத்திலிருந்தே ஒரே ஐடியுள்ள செய்தியை இரண்டு முறை கையால் அனுப்பிப் பாருங்கள். பில் ஒன்றுதான் வர வேண்டும்.