ஸ்பிளிட் சீல் மாட்டும்போது எங்கே தப்பு நடக்கிறது

பம்ப் போன்ற இயந்திரங்களில் சுழலும் ஷாஃப்டை ஒட்டித் திரவம் கசியாமல் தடுப்பது மெக்கானிக்கல் சீல். பெரிய ஷாஃப்டில் சாதாரண வகைச் சீலை மாற்ற, கப்ளிங்கைக் கழற்றி, மோட்டாரை நகர்த்தி, பல இயந்திரங்களில் பேரிங் வரைக்கும் பிரிக்க வேண்டியிருக்கும். ஸ்பிளிட் சீல் இரண்டு பாதிகளாக வருவதால் ஷாஃப்ட் இருந்த இடத்திலேயே சுற்றிப் பூட்டிவிடலாம். முதல் தவறும் இங்கேதான் தொடங்குகிறது: எதையும் கழற்றாததால் எதையும் சோதித்துப் பார்ப்பதும் இல்லை.

முன்பு கசிவைத் தடுக்க ஷாஃப்டைச் சுற்றி அடைத்திருந்த பேக்கிங் கயிறு உரசி ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருக்கலாம். அதன் மேலேயே சீலின் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உட்கார்ந்தால் அடிவழியாக ஒழுகும். டயல் கேஜ் வைத்து ஷாஃப்டின் ஆட்டத்தையும் முன்பின் நகர்வையும் அளந்து பாருங்கள். சீலோடு வந்த தாளில் உள்ள வரம்பைத் தாண்டினால் முதலில் பேரிங்கைக் கவனியுங்கள். தேய்ந்த பேரிங்குக்கு எந்த சீலும் ஈடுகொடுக்காது.

அதிகப் பொறுமை தேவைப்படுவது சீல் முகங்களுக்கு, அதாவது ஒன்றையொன்று தொட்டு ஓடும் இரண்டு வளையங்களின் பரப்புகளுக்கு. அவற்றின் மேடுபள்ளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருக்கும்படி தேய்த்திருப்பார்கள். விரல் ரேகையோ தூசியோ ஒட்டினாலே கசியும். பல வகைகளில் வளையத்தை முழுதாகச் செய்துவிட்டு, பிறகுதான் உடைத்துப் பிரிக்கிறார்கள். உடைந்த விளிம்பின் சொரசொரப்பு அதன் சொந்த ஜோடியோடு மட்டுமே பொருந்தும். ஆகவே ஒரு செட்டின் பாதியை இன்னொரு செட்டோடு சேர்க்காதீர்கள், பாதிகளை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். சேர்த்தபின் இணைப்பில் சிறு படி தெரிந்தாலும் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். ஒரு பக்கத் திருகை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் இந்தப் படி வந்துவிடும். இரண்டு பக்கமும் மாறி மாறி, இடைவெளி சமமாக இருக்கும்படி இறுக்க வேண்டும்.

கையில் கிடைத்த கிரீஸைத் தடவுவதும் வேண்டாம். சில ஓ-ரிங்குகள் செய்யப்படும் இபிடிஎம் என்ற வகை ரப்பர் பெட்ரோலிய கிரீஸில் உப்பிவிடும்.

சரி, மாட்டியாயிற்று. மாட்டும்போது சீலைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் செட்டிங் கிளிப் இருந்தால் எடுத்தீர்களா? ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்று சுற்றினீர்களா? உள்ளே காற்று தங்கி முகங்கள் காய்ந்து ஓடினால் சில நிமிடங்களிலேயே கெட்டுப்போகும்.

ஓட்டியதும் சில சொட்டு விழுந்தால் பேக்கிங் பழக்கத்தில் கிளாண்டை (சீலை இயந்திரத்தோடு பிடித்திருக்கும் மூடியை) இறுக்கக் கை போகும். அப்படிச் செய்தால் முகம் வளைந்து கசிவு கூடும். சிறு சொட்டுதான் என்றால் முகங்கள் பழகும்வரை ஓடவிட்டுப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, அழுத்தத்தை இறக்கிவிட்டு இணைப்பைப் பிரித்துப் பாருங்கள்.