பட்டறையில் அறுந்த குரல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்பவர்களைப் பற்றிக் காணொளி எடுக்கத் தொடங்கியபோது, கைபேசியின் டைப்-சி துளையில் ரிசீவரைச் செருகும் மலிவு விலை வயர்லெஸ் மைக் ஒன்றை வாங்கினேன். பட்டறைக்காரர் பற்றவைப்புப் பொடி வைத்து ஊதத் திரும்பும்போதெல்லாம் அவர் குரல் துண்டு துண்டாக அறுந்தது. மைக்கைக் குற்றம் சொல்லி வேறொன்று வாங்கவிருந்தேன். நல்ல வேளை, பொறுத்தேன். இவ்வகை மைக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. நீர் நிறைந்த மனித உடல் அந்த அலையை உறிஞ்சிக்கொள்வதால், பேசுபவர் முதுகைக் காட்டியதும் இணைப்பு நலிந்துவிடுகிறது. கைபேசியை அவர் திரும்பும் பக்கத்திற்கு மாற்றி, அதே அலைவரிசையில் இயங்கிய வைஃபை ரூட்டரையும் அணைத்த பிறகு அறுபடல் நின்றது.

ஏற்காட்டின் பகோடா முனை என்ற காட்சிமுனையில் படமெடுத்தபோது எதிர்ப்பட்டது காற்று. மைக்கிலிருந்த இரைச்சல் குறைப்பு வசதியைப் போட்டுப் பார்த்தால், பேச்சு குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. மைக்கின் மென்படலத்தைக் காற்று நேரடியாக அறைந்து குரல் சிதைந்தபின் எந்த மென்பொருளும் அதை முழுமையாக மீட்காது. பூனைமயிர் போன்ற ரோம உறையை மாட்டி, மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தியதும் உறுமல் பெருமளவு அடங்கியது.

பின்னர் இரண்டாவது மைக் வாங்கும்போது, இணைப்பு எட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த தூரத்தை நான் பொருட்படுத்தவேயில்லை. ரோம உறையும், பதிவாகும்போதே கேட்க ஹெட்போன் துளையும், அதே ஒலியை 6 டெசிபெல் குறைந்த அளவில் தனியே பதியும் காப்புத் தடமும் உள்ளதையே தேர்ந்தெடுத்தேன். சுத்தியல் திடீரென விழுந்து முதன்மைப் பதிவு சிதைந்த இடங்களில் அந்தத் தடத்திலிருந்துதான் ஒலியை எடுத்து ஒட்டுகிறேன்.